வீட்டுக்குள் செர்ரி தக்காளி: பூ உதிர்வதற்குக் காரணம் உரக்குறைவு அல்ல

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். பால்கனி இல்லை, மொட்டை மாடியில் தொட்டி வைக்க அனுமதி இல்லை. கடையில் வாங்கிய செர்ரி தக்காளியின் விதையை எடுத்து ஜனவரியில் போட்டு, தெற்குப் பார்த்த ஹால் ஜன்னல் ஓரம் வளர்த்திருக்கிறார். செடி நாலடி உயரம் போய்விட்டது, தண்டு மட்டும் ஒல்லி. ஏப்ரலில் கொத்துக் கொத்தாகப் பூத்து, ஒன்றுகூடக் காயாகாமல் உதிர்ந்துவிட்டது. என்ன உரம் போட வேண்டும் என்று கேட்கிறார்.

உரம் எதுவும் போடாதீர்கள். இப்போது தழைச்சத்து கொடுத்தால் செடி இன்னும் ஓரடி வளரும், அவ்வளவுதான். உங்களிடம் தவறாகப் போனவை மூன்று: விதை, வெளிச்சம், இரவு வெப்பம். நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. வெளியே காற்றும் வண்டும் செய்கிற ஒரு வேலையை வீட்டுக்குள் யாரும் செய்யவில்லை. நல்ல விஷயம் என்னவென்றால், இந்த நான்கையும் பால்கனி இல்லாமலேயே சரிசெய்ய முடியும்.

முதலில் விதை. கடையில் சின்னப் பெட்டியில் விற்கிற செர்ரி தக்காளி பெரும்பாலும் பசுமைக்குடிலில் கயிறு கட்டி ஏற்றி வளர்க்கிற வீரிய ஒட்டு ரகம். அதன் விதையிலிருந்து வருகிற செடி தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கொடியாக ஓடும் குணம் மட்டும் அநேகமாக அப்படியே வரும். ஆறடி, ஏழடி போகிற செடி அது. அதற்கு 15 முதல் 20 லிட்டர் மண் வேண்டும், நாள் முழுக்க வெயில் வேண்டும். ஜன்னல் திண்டில் அதை வைத்துவிட்டு நாம் என்ன செய்தாலும் போதாது.

வீட்டுக்குள் வளர்க்கவே பொருத்தமான குள்ள ரகங்கள் இருக்கின்றன. 'மைக்ரோ டாம்' என்று ஒன்று, அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. முழுசாக வளர்ந்தாலே ஒரு சாண் உயரம்தான். ஆறு அங்குலத் தொட்டி போதும். சீக்கிரம் காய்க்கிறது, இடத்தை அடைக்காது என்பதால் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் தக்காளியைப் பற்றி ஆராய்கிறவர்கள் இந்தச் செடியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் அலமாரித் தட்டில் காய்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ருசியைப் பொறுத்தவரை உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: சுமார்தான். அழகுக்காக உருவாக்கப்பட்ட ரகம் அது. கொஞ்சம் இடம் இருந்தால் 'டைனி டிம்' நல்லது. அதுவும் பழைய அமெரிக்க ரகம்தான், 1945 முதல் இருக்கிறது. ஒன்று, ஒன்றரை அடி வளரும், எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டி கேட்கும், பழம் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். 'ரெட் ராபின்' என்ற ரகமும் இதே அளவுதான். விதைகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்கும்போது பொட்டலத்தில் உயரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'செர்ரி' என்ற சொல் பழத்தின் அளவைத்தான் சொல்கிறது, செடியின் அளவை அல்ல.

இனி வெளிச்சம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் தக்காளி தோற்பது பெரும்பாலும் இதில்தான்.

'தெற்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள்' என்று எங்கும் எழுதியிருக்கும். ஐரோப்பாவில், வட அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அது வருடம் முழுக்கச் சரி. சென்னைக்கு அது பாதி வருடம்தான் சரி. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அதைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். அங்கிருந்து ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதாவது நீங்கள் ஜனவரியில் விதை போட்டபோது உங்கள் தெற்கு ஜன்னலில் வெயில் விழுந்தது. செடி பூத்த ஏப்ரலில் அது நின்றுபோனது. வெயிலைத் தேடித்தான் அது நாலடி ஓடியிருக்கிறது.

இன்னொன்று, நம் வீட்டு சன்ஷேடு. மார்கழியில் சூரியன் மிகத் தாழ்ந்து போகும்போதுகூட சென்னையில் நண்பகலில் 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஜன்னல் நாலடி உயரம், மேலே இரண்டடி சன்ஷேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் ஜன்னலின் மேல்பகுதியில் இரண்டே முக்கால் அடிக்கு நிழல்தான், கீழே ஒன்றேகால் அடிக்கு மட்டுமே வெயில். உள்ளே அது ஓரடி தூரம்கூட வராது. அந்த ஓரடிக்குள் தொட்டி இருந்தால் பிழைத்தது. டீப்பாய் மேல் வைத்தால் இல்லை. கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் அதிலும் ஒரு பங்கு குறையும். கிழக்கு ஜன்னல் நம் ஊரில் தெற்கைவிட நம்பகமானது, காலை வெயில் பன்னிரண்டு மாதமும் உண்டு. மேற்கு ஜன்னலில் வெளிச்சம் இருக்கும், கோடையில் கண்ணாடிச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. அறை 'நல்ல வெளிச்சமாக' இருக்கிறது என்று தோன்றும். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, இலைக்கு அந்த வசதி இல்லை. மொபைலில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, செடியின் நுனி இருக்கும் இடத்தில் போனைப் படுக்கவைத்துப் பாருங்கள். வெளியே உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை காட்டும். ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே ஆயிரத்தைத் தொட்டாலே அதிகம். இரவில் டியூப் லைட் போட்ட ஹாலில் சில நூறுதான். குள்ளத் தக்காளி பூத்துக் காய்க்க, இலை மட்டத்தில் 15,000 லக்ஸுக்கு மேல், தினம் 14 முதல் 16 மணி நேரம் கிடைக்க வேண்டும்.

ஆகவே விளக்கு வேண்டும். இதற்கென்று விற்கிற ஊதா நிற விளக்கு தேவையில்லை. அந்த ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போடுகிற வெள்ளை எல்.ஈ.டி. பேட்டன் போதும், இரண்டடி நீளம், 10 வாட். இரும்பு அலமாரியின் ஒரு தட்டில், மேல் தட்டின் அடிப்பக்கமாக நாலு பேட்டனை நெருக்கமாகப் பொருத்துங்கள். இரண்டடிக்கு ஓரடி இடத்தில் நாலைந்து மைக்ரோ டாம் தாராளமாக நிற்கும். விளக்குக்கும் இலை நுனிக்கும் நடுவே நாலு முதல் ஆறு அங்குலம்தான் இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் பயந்து இரண்டடி மேலே கட்டிவிடுகிறார்கள், வெளிச்சமெல்லாம் அறைக்குப் போய்விடுகிறது. பேட்டன் அவ்வளவாகச் சுடாது. செடி சின்னதாக இருக்கும்போது தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்து ஏற்றுங்கள், வளர வளரச் செங்கல்லை எடுத்துவிடலாம். பக்கங்களில் தெர்மோகோல் அட்டை நிறுத்தினால் வீணாகும் வெளிச்சம் செடிக்கே திரும்பும். ஜன்னல் ஓரமாக அலமாரியை வைத்தால் இன்னும் நல்லது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 40 வாட், 16 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 0.64 யூனிட். இரண்டு மாத பில்லில் சுமார் 38 யூனிட் கூடும். முடிவு செய்வதற்கு முன் உங்கள் வீடு எந்த ஸ்லாபில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டைமர் ப்ளக் வாங்கி மாட்டிவிடுங்கள். 24 மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் காய்க்கும் என்று நினைக்க வேண்டாம். தக்காளிக்கு இருட்டு கட்டாயம் வேண்டும். விடாமல் வெளிச்சம் பட்டால் இலை வெளுத்துப் புள்ளி புள்ளியாகக் கருகும்.

மூன்றாவது, இரவு வெப்பம். பூ உதிர்ந்ததற்கு நேரான காரணம் இதுவாகத்தான் இருக்கும். தக்காளிப் பூ காயாக, இரவு வெப்பநிலை 15-லிருந்து 21 டிகிரி வரை இருப்பது உகந்தது. 24-ஐத் தாண்டினால் மகரந்தம் கெடத் தொடங்கும். பகல் 35-ஐத் தாண்டினாலும் அப்படியே. சென்னையில் ஏப்ரல் இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்கச் சூடேறிய சுவர் வேறு, அறைக்குள் விடியும்வரை அனலை விட்டுக்கொண்டிருக்கும்.

உதிரும் பூவை உற்றுப் பார்த்தால் விஷயம் தெரியும். பூக்காம்பின் நடுவில் முழங்கால் மாதிரி ஒரு சின்னக் கணு இருக்கும். பூவின் இதழ் இன்னும் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும்போதே அந்தக் கணு முதலில் வெளிறும். கணுவுக்குத் தண்டுப் பக்கம் பச்சை, பூப் பக்கம் மஞ்சள், நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். இரண்டு நாளில் விரல் பட்டாலே அங்கே முறிந்துவிடும். கரு உண்டாகாத பூவைச் செடி தானாகக் கழற்றிவிடும் இடம் அது. அந்தக் கணு பச்சையாகவே இருந்து, இதழ் மட்டும் காய்ந்து சுருண்டால் காய் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நான்கைந்து நாளில் காய்ந்த இதழைத் தள்ளிக்கொண்டு மிளகு அளவில் பச்சைக் காய் தெரியும்.

அதனால் சென்னையில் செர்ரி தக்காளிக்கு நாள் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் இரவு 21, 22 வரை இறங்குகிறது. பூக்கும் காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைக்குள் விழ வேண்டும். குள்ள ரகங்கள் விதைத்து ஐந்தாறு வாரத்தில் பூக்கும். அப்படியென்றால் ஐப்பசி பிற்பாதி, கார்த்திகை முற்பாதியில் விதை போடுங்கள். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டு, வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் சமயம் அது. மாடித்தோட்டக்காரர்கள் நாற்று அழுகாமல் காக்கப் படாத பாடு படுவார்கள். உங்கள் நாற்று விளக்கின் கீழே நனையாமல் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்குள் வளர்ப்பவருக்குத்தான் சாதகம். கோடையில்தான் வேண்டும் என்றால் ஒரே வழி, இரவில் எப்படியும் ஏ.சி. ஓடுகிற படுக்கையறை. 25-இல் வைக்கிற பழக்கம் இருந்தால்கூட ஓரளவு காய் பிடிக்கும். ஏ.சி. காற்று நேராகச் செடிமேல் அடிக்காத மூலையில் வையுங்கள். விளக்கைப் பகலில் எரியும்படி டைமரில் மாற்றிக்கொண்டால் உங்கள் தூக்கமும் கெடாது.

நான்காவது, மகரந்தம். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான். இன்னொரு செடி தேவையில்லை. ஆனால் மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்கிறதே, அதன் உள்ளே உப்பு டப்பாவில் இருப்பதுபோல் அடைந்திருக்கும். உலுக்கினால்தான் கொட்டும். தோட்டத்தில் காற்று உலுக்கும். முருங்கைப் பூவைச் சுற்றி வருமே கருவண்டு, அது பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிர வைத்துக் கொட்ட வைக்கும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மூன்றாவது மாடி ஹாலுக்கு இந்த இரண்டும் வராது. பேட்டரியில் ஓடுகிற பல் பிரஷ் ஒன்று இருந்தால் போதும். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள், பூக்கொத்தின் காம்பில், பூவுக்குப் பின்பக்கம், இரண்டு மூன்று விநாடி ஓடும் பிரஷ்ஷின் முதுகை வைத்துத் தொடுங்கள். இதழ் நன்றாகப் பின்னால் மடங்கிய பூக்கள்தான் தயாரானவை. முதல் தடவை செய்யும்போது அணைத்த மொபைலின் கறுப்புத் திரையைப் பூவுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். மைதா தூவிய மாதிரி வெளிர் மஞ்சள் தூள் விழுவது கண்ணுக்குத் தெரியும். ஒன்றுமே விழவில்லை என்றால் சூட்டில் மகரந்தம் கெட்டிருக்கிறது, அல்லது ஈரப்பதத்தில் கட்டியாகிவிட்டது. மழை நாளில் மதியத்துக்குப் பிறகு, அறையில் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடிய பின் மறுபடி முயலுங்கள். பிரஷ் இல்லாவிட்டால் காம்பை விரலால் சுண்டுங்கள், அதுவும் பலன் தரும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

மண் கலவைக்கு வருகிறேன். தோட்டத்து மண்ணை அப்படியே சின்னத் தொட்டியில் போட்டால் இறுகிவிடும். இரண்டு பங்கு கோகோபீட் (தென்னை நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி பெர்லைட் அல்லது கழுவிய மணல், ஒரு ஸ்பூன் வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அதில் உப்பு இருக்கும். விதை ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். முளைவிட்டது தெரிந்த அன்றே விளக்கின் கீழ் போய்விட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நூல் மாதிரி நீண்டுவிடும். அப்படி நீண்டுவிட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். நாலு இலை வந்ததும் தொட்டி மாற்றும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டை முக்கால்வாசி மண்ணுக்குள் புதைத்து வையுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர்விடும். குள்ள ரகத்தில் பக்கக்கிளையைக் கிள்ள வேண்டாம். காய்ப்பே அதில்தான்.

தண்ணீரை நாள் கணக்கில் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், லேசாகிவிட்டதா, அப்போது அடித்துளை வழியே கொஞ்சம் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். பழம் சிவக்கும் நேரத்தில் நன்றாகக் காயவிட்டுத் திடீரென்று ஊற்றினால் பழம் வெடிக்கும். அடித்தட்டில் வடிந்த தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். வேர் அழுகும் என்பது ஒரு பக்கம், டெங்கு கொசு முட்டையிடப் பிடித்த இடமும் அதுதான். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரை ஊற்றவே கூடாது, உப்பு செறிந்த தண்ணீர் அது. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அதற்கு நேர்மாறு, உப்பே இல்லாதது. போர் தண்ணீர் கரிக்கிற வீடுகளில் அதைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

நீங்கள் கேட்ட உரம், முதல் பூமொட்டு தெரியும்வரை மண்புழு உரமே போதும். அதன் பிறகு வாரம் ஒருமுறை லிட்டருக்கு ஒரு கிராம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட் உரம்) கரைத்து ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே அளவில் கால்சியம் நைட்ரேட். ரசாயனம் வேண்டாம் என்றால் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடைத்த வீட்டில் வாசனை நிற்கும்.

பூச்சியில் வெள்ளை ஈயைத்தான் நான் மதித்துப் பயப்படுகிறேன். இலைச்சுருட்டை வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அதுதான். அதே ஜன்னலில் கத்தரி, மிளகாய், மணத்தக்காளி ஏதாவது இருந்தால் அங்கிருந்து வந்துவிடும், தள்ளி வையுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொட்டியில் குத்தி வைத்தால் வந்த அன்றே தெரியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசலோடு, விளக்கை அணைத்த பிறகு இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். நுனி இலைகள் கிண்ணம் போல் மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகி, செடி வளர்ச்சி நின்றுவிட்டால் அது வைரஸ். மருந்து கிடையாது. பையில் கட்டி வெளியேற்றிவிடுங்கள். மற்றச் செடிகளைக் காப்பாற்ற அதுதான் வழி. பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க: தக்காளி இலையும் தண்டும் அதற்கு ஆகாது.

எவ்வளவு கிடைக்கும்? சின்ன வீட்டுச் செடி இது. ஒரு செடியில் ஒரு பருவத்தில் இருபது, முப்பது பழம் வந்தால் நன்றாக வந்திருக்கிறது. ரசத்துக்குக் காணாது, அப்படியே வாயில் போட்டுக்கொள்ளத்தான். பழம் 30 டிகிரிக்கு மேல் சரியாகச் சிவக்காது, ஆரஞ்சிலேயே நிற்கும். அப்போது நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் தட்டில் வையுங்கள், சிவந்துவிடும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

கடைசியாக, இப்போது நிற்கிற அந்த நாலடிச் செடி. அதைப் பிடுங்க வேண்டாம். நுனியிலிருந்து ஒரு சாண் நீளம் வெட்டி, மொட்டையும் கீழ் இலைகளையும் கிள்ளிவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பத்து நாளுக்குள் தண்டில் வெள்ளை மொக்குகள் தெரிந்து வேராக நீளும். வெயிலுள்ள மாடி இருக்கிற உறவினரிடமோ நண்பரிடமோ கொடுங்கள், அவர்கள் வீட்டில் அது கொடியாக ஓடட்டும். நீங்கள் குள்ள ரக விதையை வாங்கி வைத்துக்கொண்டு, அலமாரியையும் விளக்கையும் ஆவணிக்குள் தயார் செய்துகொள்ளுங்கள். தை மாதம் முதல் பழம் சிவந்ததும் இழுத்துப் பறிக்காதீர்கள், கொத்தே கையோடு வந்துவிடும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் காம்புக் கணுவை லேசாக அழுத்துங்கள். ஏப்ரலில் உங்கள் பூக்கள் முறிந்து விழுந்தனவே, அதே இடம்தான். 'டிக்' என்று சுத்தமாகக் கழன்று வரும்.